மாடிவீட்டு ட்ரெட்மில்

ஏங்க,

சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். ஹாலுக்குள் பக்கவாட்டாக வாருங்கள். மாடிவீட்டுக்காரரின் ட்ரெட்மில் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

பங்குச் சந்தையில் புட் ஆப்ஷன் விற்பதற்கு முன்னால் பழகிப் பார்க்கிறேன் என்று, வாக்குக் கொடுப்பதற்குக் கூலியாக அவரிடம் ஒரு டப்பா பிஸ்கட் வாங்கிக்கொண்டு, “வெள்ளிக்கிழமைக்குள்ள வேற யாரும் வாங்கலைன்னா உங்க ட்ரெட்மில்லை இந்த விலைக்கு நானே எடுத்துக்கிறேன்” என்று சொன்னீர்களாமே. யாரும் வாங்கவில்லை. மனிதர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த பிஸ்கட்டில் ஒன்றைக்கூட என் கண்ணில் காட்டவில்லை நீங்கள்.

திட்டலாம் என்றால் எனக்கும் வழியில்லை. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பங்குச் சந்தைப் புத்தகத்தைப் படித்துவிட்டு நானும் ஒரு கால் ஆப்ஷன் விற்றேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒரு தலையணை உறையை வாங்கிக்கொண்டு, “ஞாயித்துக்கிழமைக்குள்ள எப்ப கேட்டாலும் எங்க வீட்டுக்காரரோட சாய்வு நாற்காலியை இதே விலைக்குக் கொடுத்துடறேன்” என்றேன். அந்தப் பழசை யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். நேற்று அந்தம்மாவின் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. காலையில் நாற்காலி போய்விட்டது.

பி.கு: உட்கார இடம் தேடி அலையாதீர்கள். ட்ரெட்மில்மேல் தலையணை போட்டிருக்கிறேன், புது உறையோடு. சாயங்காலம் நானும் பக்கத்தில் வந்து உட்காருகிறேன்.

மறந்துவிட்டேன்: ஸ்விட்சைத் தொட்டுவிடாதீர்கள்.