கேட்காத கேள்விக்குப் பதில்

வீடு
7 மே 2024

அன்பு மகள் அனுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீ சுகமோ என்று கேட்க உன் போன் எடுபட்டால்தானே! ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடித்துப் பார்க்கிறேன். குடும்பக் குழுவை விட்டும் போய்விட்டாய். மாமிமார் எல்லாரும் "சிவானுஜாவுக்கு என்ன நடந்தது?" என்று அம்மாவைப் பிய்த்துத் தின்கிறார்கள். அதுதான் பேனையை எடுத்தேன். ஒரு விதத்தில் இது நல்லது. போனில் எழுதுவதை யாரும் பார்க்கலாம், ஒட்டிய கடிதத்தை நீ மட்டும்தான் பார்ப்பாய்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நேற்று வேலையால் வரும்போது ஆராவ் பஸ் தரிப்பில் தவராஜா அண்ணை என்னைப் பிடித்தார். "பாலேந்திரன், இது உம்மட மகள் எல்லோ?" என்று போனை நீட்டினார். லோசான் கம்பஸில் மாணவர்கள் பிடித்து வைத்திருக்கிற மண்டபமாம். சுவரில் பலஸ்தீனக் கொடி, தரை முழுக்கப் படுக்கை, நடுவில் கரண்டியும் கையுமாக நீ. பெரிய கிடாரத்தில் பருப்போ என்னவோ கிண்டுகிறாய். எடி பிள்ளை, வீட்டில் ஒரு தேத்தண்ணி போடச் சொன்னால் ஆயிரம் நியாயம் கதைப்பாய்!

பகிடியை விடுவோம். ஜூன் பதின்மூன்றாம் திகதி எங்கள் ஊர்ச்சபைக் கூட்டம். எங்கள் மூன்று பேரின் பிரஜாவுரிமைக்கும் அன்றைக்குத்தான் ஊரார் கை உயர்த்த வேண்டும். அம்மா ஜெர்மன் பரீட்சைக்குப் பட்ட பாடு உனக்குத் தெரியும். குளிர்பெட்டிக் கதவு முழுக்கச் சொற்களை ஒட்டி வைத்துப் படித்தவள். இந்த நேரத்தில் ஒரு பொலிஸ் முறைப்பாட்டில் உன் பெயர் ஏறினால் எல்லாம் அவ்வளவுதான்.

அங்கே நடப்பது அநியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. டிவியில் காசாப் பிள்ளைகளைக் காட்டினால் அம்மா எழும்பிப் போய்விடுகிறாள். ஆனால் அதற்கு நீதான் போய் நிலத்தில் படுக்க வேண்டுமோ? சுவிஸ்காரப் பிள்ளைகள் படுக்கட்டும். அவர்களை ஒருத்தரும் எங்கேயும் அனுப்ப முடியாது.

இன்னொன்று. உன்னோடு லோசான் வீட்டில் இருக்கிற மிரியாம் யூதப் பிள்ளை எல்லோ. கோபத்தில் அவள் உன் பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன செய்வாய்? அவளோடு வாய் கொடுக்காதே. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா. அம்மா நண்டு வாங்கப் போகிறாள்.

அன்புடன்
அப்பா


லோசான்
10.05.2024

அன்புள்ள அப்பா, அம்மா,

நான் சுகம். போனை நிறுத்தியது உங்களுக்காக இல்லை, மாமிமாருக்காக. பெரிய மாமி எனக்குக் கல்யாணம் பேசினால் இந்தக் குணம் மாறிவிடும் என்று குழுவில் எழுதியிருந்தா. அதைப் பார்த்த பிறகு யார் அங்கே இருப்பார்கள்?

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, நான் வரவில்லை. நண்டு இரண்டாவது தரமும் வாங்கலாம், அம்மா கோவிக்க வேண்டாம்.

அப்பா, 2009 ஏப்ரலில் என்னை ஜெனீவாவுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். எனக்கு அப்போது பள்ளிக்கூடம்கூடத் தொடங்கவில்லை. ஐ.நா. முன்னால் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றீர்கள். நீங்கள் கத்தக் கத்த உங்கள் தோள் குலுங்கியது எனக்கு இன்னும் ஞாபகம். முழுக்கத் தமிழ் ஆட்கள். திரும்பி வரும் ரயிலில் நான் கேட்டேன், "ஏன் அப்பா வேற ஒருத்தரும் வரேல்லை?" என்று. "அவையளுக்கு இது தங்கட பிரச்சினை இல்லை, பிள்ளை" என்று சொன்னீர்கள். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். இது என் பிரச்சினை இல்லை என்று நானும் திரும்பிக்கொண்டால் அந்த ரயிலில் இருந்த மற்றச் சனத்தைப் போல ஆகிவிடுவேன். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

இங்கே எல்லாம் சரி என்றும் இல்லை. இஸ்ரேல் பல்கலைக்கழகங்களோடு உள்ள தொடர்பை நிறுத்து என்பதுதான் கோரிக்கை. அதற்குள் ஒவ்வொருத்தர் ஒவ்வொன்றைக் கொண்டுவந்து போடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை மிரியாம் நான் மறந்துவிட்டு வந்த வீட்டுத் திறப்பைத் தர வந்தாள். வாசலில் நின்ற ஒருவன் "முதலில் நீ எந்தப் பக்கம் என்று சொல், பிறகு உள்ளே போ" என்றான். அவளுடைய மாமா குடும்பம் இஸ்ரேலில், ஹைஃபாவில். போன ஒக்டோபர் தாக்குதல் நேரம் அவள் போனைப் பிடித்துக்கொண்டு இருந்த இருப்பை நான் பார்த்தவள், நீங்கள் வன்னிக்கு அடித்து அடித்துப் பார்த்தது மாதிரி. நான் அவனோடு பெரிய சண்டை பிடித்தேன். அதிலிருந்து பாதிப் பேர் என்னோடு கதைப்பதில்லை. மிரியாமும் கதைப்பதில்லை. "நீ அவனோட ஒரே சட்டியில சாப்பிடுறாய் எல்லோ" என்ற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் என் பெயரைக் கொடுக்க மாட்டாள். அப்படி எழுதாதேயுங்கோ.

உங்கள்
அனு


வீடு
15 மே 2024

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மா இரண்டு தரம் வாசித்தாள். ஜெனீவா இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்கு மட்டும் கல்நெஞ்சோ? தோற்றுத்தான் போனேன். ஆனால் அப்போது எங்களிடம் இழக்க ஒன்றும் இருக்கவில்லை. இப்போது உன் எதிர்காலம் இருக்கிறது.

அதனால் நான் யோசித்து ஒரு வேலை செய்துவிட்டேன். இனி நீ பயப்படத் தேவையில்லை.

நேற்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஊர்ச்சபைக் கந்தோருக்குப் போனேன். செயலாளர் விட்மர் மரியாதையான மனிதர், கோப்பி தந்தார். நான் ஒன்றும் ஒளிக்கவில்லை. "என்ர மகள் லோசான் கம்பஸ் போராட்டத்தில நிண்டவள். சமைச்சுக் குடுத்தவள். ஒண்டையும் உடைக்கேல்லை, ஒருத்தருக்கும் அடிக்கேல்லை. வேற ஆரும் வந்து சொல்ல முன்னம் நானே சொல்லுறன்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லி முடித்தேன். அவர் எழுதிக்கொண்டார். எழும்பி நின்று கை தந்து "சொன்னதற்கு நன்றி" என்றார். வெளியே வந்தபோது ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஏன் போனீர்கள் என்று கேட்பாய். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், முதல் அகதி விசாரணையில், ஆமி என்னைப் பிடித்து வைத்திருந்ததைச் சொல்லாமல் விட்டேன். சொன்னால் இயக்கம் என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று கூட வந்தவன் பயப்படுத்தியிருந்தான். இரண்டாம் விசாரணையில் சொன்னேன். "முதலில் சொல்லவில்லையே, அப்படியென்றால் இது பொய்" என்று முடித்துவிட்டார்கள். நிராகரிப்பு, மேன்முறையீடு, எப்போது வந்து பிடிப்பார்களோ என்று செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்த வருடங்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான், கந்தோர்க்காரன் கேட்க முன்னம் நாங்கள் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்குப் பேர்ணுக்குப் போகிறோம். நீயும் வாவன்.

அன்புடன்
அப்பா


லோசான்
18.05.2024

அப்பா,

உங்களுக்கு விசரோ?

ஒருத்தருக்கும் தெரியாது, அப்பா. ஒருத்தருக்கும்! தவராஜா மாமா காட்டிய படத்தில் என் பெயர் இல்லை. பொலிஸ் வரவில்லை. வியாழக்கிழமை நாங்களே மண்டபத்தைக் கூட்டிக் கழுவிவிட்டு வெளியே வந்தோம். முறைப்பாடு வருமோ வராதோ என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது. ஒரு கடதாசியிலும் என் பெயர் இருக்கவில்லை. இப்போது ஒன்றில் இருக்கிறது, அதுவும் எங்கள் ஊர்ச்சபையில், நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ச் சொல்லி எழுத வைத்தது.

நீங்கள் மிரியாமுக்குப் பயந்தீர்கள். வகுப்பில் ஒருத்தி அவளிடம் "உன்னோட இருக்கிறவளும் அங்க நிண்டவளோ?" என்று கேட்டாளாம். "அதை அவளிட்டயே கேள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். என்னோடு கதைக்காத மிரியாம். என் முகத்தைப் பார்க்காமல் தட்டைக் கழுவிவிட்டு அறைக்குள் போகிற மிரியாம். அவள் வாய் திறக்கவில்லை. என் அப்பா திறந்தார்.

நீங்கள் இன்னும் அந்த விசாரணை அறைக்குள்தான் இருக்கிறீர்கள். நான் அங்கே போனதில்லை. நான் ஆராவ் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். எனக்காகப் பதில் சொல்ல உங்களை யார் கேட்டது?

இன்றைக்குப் பேர்ணுக்கு நான் வரவில்லை. அம்மா மட்டும் எனக்குப் போன் எடுக்கலாம்.

சிவானுஜா


வீடு
30 மே 2024

அன்பு மகளுக்கு,

ஊர்ச்சபையிலிருந்து கடிதம் வந்தது. உனக்கும் ஒரு பிரதி வந்திருக்கும். என்னுடைய பெயரும் அம்மாவுடைய பெயரும் ஜூன் கூட்டத்துக்குப் போகிறது. உன்னுடைய விண்ணப்பத்தைப் பிரித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விஷயம் தெளிவாகும் வரைக்குமாம். எவ்வளவு காலம் என்று எழுதவில்லை.

நான் அன்றைக்கே விட்மரிடம் ஓடினேன். அந்த மனிதரில் பிழை சொல்ல முடியாது. "எனக்கு இது தெரிந்திருக்கவில்லை, திரு பாலேந்திரன். நீங்கள் சொன்ன பிறகு நான் எழுதாமல் விட ஏலாது" என்றார். இந்த முறை கோப்பிக்கு நான் இருக்கவில்லை.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு மூன்று நாள் சோறு போட்டு வைப்பாள், தான் பிறகு சாப்பிடுவாள். வேலையில், முதியோர் இல்லச் சமையலறையில், கிழவர்களுடைய உப்பில்லாத சூப்புக்கு உப்புப் போட்டுவிட்டேன். என் மூளை என்னிடம் இல்லை, பிள்ளை.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. எங்கள் இரண்டு பேருடைய விண்ணப்பத்தையும் திருப்பி எடுக்கிறேன். போனால் மூன்று பேரும் ஒன்றாகப் போவோம். இந்த நாட்டில் பிறந்தவள் வெளியே நிற்க, வந்து குடியேறிய நாங்கள் உள்ளே போய் இருந்து என்ன செய்ய? கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். நீ ஓம் என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

அப்பா


லோசான்
04.06.2024

அப்பா,

ஓம் என்று எழுத மாட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கோ. அம்மா "மேன்முறையீடு" என்பதற்கு ஜெர்மன் சொல்லைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்து வாய் வலிக்க வலிக்கப் பாடமாக்கியது உங்கள் கோபத்துக்கு எறிவதற்கு இல்லை. என்னைக் கேட்காமல் ஒருதரம் கந்தோருக்குப் போனது காணும். இன்னொரு தரம் போகாதேயுங்கோ.

நான் மண்டபத்தில் நின்றதற்கு வருத்தப்படவில்லை. அந்த வாசலில் மிரியாமை நிறுத்தினார்களே, அதற்குத்தான் வருத்தப்படுகிறேன். அவள் ஜூலையில் வேறு வீட்டுக்குப் போகிறாள். நேற்றுப் பெட்டி கட்ட நான் உதவி செய்தேன். ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் "வேண்டாம்" என்றும் அவள் சொல்லவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. பொய் எழுதவும் விருப்பமில்லை. ஆனால் நீங்கள் என்ன பயத்தில் போனீர்கள் என்று விளங்குகிறது. அந்தச் செருப்புக் கதையை ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லவில்லை?

பதின்மூன்றாம் திகதி இரண்டு பேரும் வடிவாக உடுத்துக்கொண்டு போங்கோ. அம்மா அந்த மாம்பழ நிறச் சேலை கட்டட்டும். என்றைக்கோ ஒருநாள் என் பெயரும் அந்தக் கூட்டத்துக்கு வரும். அப்போது மண்டபத்துக்குள் எனக்கென்று இரண்டு கை இருக்கும் எல்லோ. உயர்த்துங்கோ.

அனு


வீடு
14 ஜூன் 2024

என் அன்பு அனுவுக்கு,

நேற்றுக் கூட்டம் முடிந்தது. பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில் வைத்தார்கள். அம்மா நீ சொன்ன சேலைதான் கட்டினாள். மழை, வாசலில் சேலைக் கரை முழுக்கச் சேறு. ஊரார் வாக்கு அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். எங்களை ஓரத்தில் தனிக் கதிரையில் இருத்தினார்கள். எங்கள் பெயர் வந்ததும் ஒரு பெண் பிள்ளை வந்து மெல்லமாக எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போய் ஒரு நீள வாங்கில் இருத்தினாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் கை உயர்த்துவார்களாம்.

நல்ல நேரம் எடுத்தது. பிறகுதான் தெரிந்தது, நீ சனிக்கிழமைகளில் வேலைக்கு நின்ற பேக்கரிக்காரர் எழும்பி, "இவர்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள், இங்கேயே வளர்ந்தவள், அவளுடைய பெயரை ஏன் காணவில்லை?" என்று கேட்டாராம். "நிலுவையில் இருக்கிறது" என்று பதில் சொன்னார்களாம். அதோடு வாக்கெடுத்தார்களாம். கூப்பிட்டார்கள், போனோம். எல்லாரும் கை தட்டினார்கள். இனி கன்டோன் மாநில அரசும் பேர்ணில் மத்திய அரசும் ஒப்பம் வைத்தால் சரி. ஆளுக்கொரு கிளாஸ் வைன் தந்தார்கள். அம்மா தன்னுடையதை என் கையில் தந்துவிட்டாள். இத்தனை வருடம் இந்த நாளை நினைத்துக்கொண்டு இருந்தவன், எனக்குச் சந்தோஷம் வரவே இல்லை. எல்லாருக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நீ எழுதியதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தேன். விட்மர் கிளாசோடு வந்தபோது கேட்டேன், "மகளின்ர பெயர் வாற அண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் கை உயர்த்தலாம்தானே?" என்று. கேட்க முன்னம் நான் ஒன்றும் சொல்லவில்லை, கேள்வி மட்டும்தான் கேட்டேன், நீ பயப்படாதே. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். தாய் தகப்பனுக்கு அந்த வாக்கு இல்லையாம். பிள்ளையின் பெயர் வாசிக்க முதல் எழும்பி வெளியே போய்விட வேண்டுமாம். அதுதான் இங்கத்தைச் சட்டம்.

அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. திரும்ப வெளியே போய், நாங்கள் காத்திருந்த வாங்கில் ஒரு கரையில் இருந்து, மற்றக் கரை வரைக்கும் கையால் தடவிப் பார்த்தாள்.

"மூண்டு பேர் தாராளமா இருக்கலாம்" என்றாள்.

அப்பா