என் அனுபவச் சான்றிதழ்

மே 5, திங்கள்

எழுந்ததும் முதல் வேலை, மோட்டார் போடுவதற்கும் முன்னால், நேற்று ஜெராக்ஸ் கடையில் வாங்கி வந்த தாளைக் கிழித்தது. நான்காக, எட்டாக. குப்பைக் கூடையில் போட்டு மேலே பழைய டீத்தூளைக் கொட்டினேன். ஆறு மணிக்கே வெயில்.

கையால் எழுதிக் கொடுத்த ரெஸ்யூமேவை அந்தக் கடைக்காரன் கல்யாண பயோடேட்டாவாக ஆக்கிவிட்டான். முருகன் கோயில் மலையில் நடக்கிற கல்யாணங்களுக்கு ஜாதகம் அடித்து அடித்து அவன் கம்ப்யூட்டரில் இருப்பது அந்த ஒரு அச்சுதான். மேலே வேல், மயில். பெயர் ஜெயந்தி. வயது 44. நிறம் மாநிறம் (நான் எழுதவில்லை, பார்த்துப் போட்டிருக்கிறான்). ராசி, நட்சத்திரம் காலியாக. பதினாறு வருட வேலை கடைசியில், ‘இதர விவரங்கள்’ என்று ஒரே வரி. கேட்டதற்கு, “கவுர்மெண்ட் வேலைக்கே நான்தாங்க அடிச்சுக் குடுக்கறேன், சாமி படம் இருந்தா நல்லதுதானே” என்றான். அதைக் காசு கொடுத்து வாங்கியும் வந்தேன். கோபம் அவன் மேல் பாதி, என் மேல் பாதி.

வேலை: அரக்கோணம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரி. அலுவலக மேலாளர். புதன் மாலைக்குள் மெயில் அனுப்ப வேண்டும். கேட்பது மூன்று. ரெஸ்யூமே, கவர் லெட்டர், அனுபவச் சான்றிதழ். முதல் இரண்டும் என் கையில். மூன்றாவது பாவா கையில்.

பாவா, என் கணவருடைய அண்ணன். பள்ளிக்கூடம் அவருடையது, எல்.கே.ஜி. முதல் எட்டாவது வரை. நாங்கள் இருக்கும் வீடும் அவர் பேரில். பதினாறு வருடமாக ஆபீஸ் நான். அட்மிஷன், டி.சி., அங்கீகாரம் புதுப்பிக்கிற ஃபைல், பஸ் தகராறு, நகரி பக்கத்திலிருந்து வரும் பெற்றோருக்குத் தெலுங்கில் பதில். ஆசிரியர் வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுப் பெயர் எழுதுவதும் நான். அதில் என் பெயர் கிடையாது. முதல் வருடம் கேட்டேன். வீட்டுப் பெண் கையெழுத்துப் போட்டுக்கொண்டு நின்றால் டீச்சர்கள் மதிக்க மாட்டார்கள் என்றார். அப்போது அது பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

மதியம் போய்ச் சான்றிதழ் கேட்டேன். எதற்கு என்றார். கையில் இருக்கட்டும் என்றேன். சிரித்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் அவரே எழுதிக் கொடுத்தார், டைப் பண்ணிக்கொள்ளச் சொல்லி: ‘இவர் என் தம்பி மனைவி. ஓய்வு நேரங்களில் அலுவலக வேலைகளில் உதவி வருகிறார். நடத்தை நல்லது.’

நடத்தை நல்லது. எட்டாவது பையன்களின் டி.சி.யில் நான் எழுதும் அதே வார்த்தை.

ஓய்வு நேரமாம். என் ஓய்வு நேரம் காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை.

மே 6, செவ்வாய்

இட்லி மாவு புளித்துப் பொங்கி ஃப்ரிட்ஜெல்லாம் வழிந்திருந்தது. துடைத்து முடிக்க ஏழரை.

கீர்த்தி போன் செய்தாள். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், அதற்குள் எனக்கு வாத்தியார். ரெஸ்யூமேவைப் படம் பிடித்து அனுப்பியிருந்தேன். கேரியர் அப்ஜெக்டிவ் வேண்டாம், அப்பா பெயர், கணவர் பெயர், மதம் எதுவும் வேண்டாம், இரண்டு பக்கத்தைத் தாண்டாதே. அப்புறம் சொன்னாள்: “எத்தன இடத்துலம்மா ‘உதவினேன்’னு போட்டிருக்க? நீ செஞ்சத செஞ்சேன்னு எழுதேன். இல்லன்னா அத செஞ்சவங்க பேர போடு.”

எண்ணிப் பார்த்தேன். பதினொரு இடம். காலண்டர் தாளைப் பார்த்துப் பல்லைக் கடித்தவள், அதே வார்த்தையைப் பதினொரு தடவை நானே எழுதியிருக்கிறேன். இவளிடம் போய்ச் சொல்லவா? “சரி சரி, வேலை கிடக்கு” என்று வைத்துவிட்டேன்.

மதிய இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே அடித்தேன். ‘உதவினேன்’ எல்லாம் போனது. நானூறு பிள்ளைகளின் சேர்க்கையை நடத்தினேன். அங்கீகாரப் புதுப்பிப்பு ஐந்து முறை, ஐந்தும் முடித்தேன். இவர் பெயரை எடுத்தபோது ஒரு சின்ன சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது, இதை யார் படிக்கப் போகிறார்கள். படிப்பு: பி.காம்., முதல் வகுப்பு. மொழி: தமிழ், ஆங்கிலம், தெலுங்கு (பேச மட்டும்). பொழுதுபோக்கு என்ற வரியையே எடுத்தேன். இல்லை.

கவர் லெட்டர்தான் படுத்தியது.

1. ‘தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பணியாற்ற ஆவலாக உள்ளேன்.’ அழித்தேன். நெட்டில் எல்லாரும் இதையே எழுதியிருக்கிறார்கள். பார்க்காத இடத்தின் மதிப்பு எனக்கு எப்படித் தெரியும்.

2. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக…’ இது இவர் சொன்னது. ஆர்.கே.பேட்டை தறிகளுக்கு நூல் போட்டுவிட்டு வந்து சாப்பிடும்போது சொன்னார். அப்படி எழுதினால் பாவம் பார்த்துக் கொடுப்பார்களாம். அழித்தேன்.

3. பாவாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம். எழுதும்போது நன்றாக இருந்தது. படித்தால் தாசில்தாருக்குக் கொடுக்கிற மனு. அழித்தேன்.

4. ‘உங்கள் விளம்பரத்தில் ஆறு பொறுப்புகள் உள்ளன. ஐந்தைப் பதினாறு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஆறாவதான விடுதி நிர்வாகம் எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்வேன்.’

நாலாவது இருக்கட்டும். நாலே வரி. மற்றதெல்லாம் என் கோபம், அவர்களுக்கு எதற்கு.

மே 7, புதன்

செய்துவிட்டேன்.

பள்ளியை விட்டுப் போகும் டீச்சர்களுக்கெல்லாம் அனுபவச் சான்றிதழ் அடிப்பது நான். ஆறு மாதமே இருந்து பிள்ளைகளைக் கிள்ளிக்கொண்டிருந்த கணக்கு டீச்சருக்கு ‘அர்ப்பணிப்பு’ என்று என் கையால் அடித்திருக்கிறேன். பாவா ஒன்றைக்கூடப் படித்ததில்லை. தினம் பதினொரு மணிக்குக் கையெழுத்து ஃபைலை ஆயா செல்லம்மா கொண்டுபோய் வைப்பார். பாவா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வலது மூலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போடுவார்.

இன்று ஃபைலில் போனஃபைடு ஒன்பது, டி.சி. நான்கு, என்னுடையது ஒன்று. பள்ளி லெட்டர்ஹெட்டில். சேர்ந்த வருடம், செய்யும் வேலைகள், அவ்வளவுதான். ‘திறமையாக’ என்ற வார்த்தைகூட இல்லை. சரிபார்க்க ஒரு நம்பர் வேண்டும், வழக்கமாகப் போடும் ஆபீஸ் நம்பரையே போட்டேன். பன்னிரண்டாவதாக வைத்தேன்.

பதினொன்றேகாலுக்கு ஃபைல் திரும்பி வந்தது. பதினான்கிலும் கையெழுத்து. சீல் என் மேஜையில்தான் இருக்கிறது. குத்தினேன்.

உண்மையைத்தான் எழுதினேன். ஆனாலும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் சீலைக் குத்தினேன். பதினாறு வருடம் வெளிச்சத்தில் செய்த வேலைக்கு அத்தாட்சியை இப்படி நடுவில் செருகி வாங்க வேண்டியிருக்கிறது. வெட்கம் எனக்கா, அவருக்கா என்று யோசித்தேன். இரண்டு பேருக்கும்தான். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அது ஒன்றுதான் வித்தியாசம்.

3.40க்கு மெயில் போனது.

வாங்க வேண்டியது: து. பருப்பு, பினாயில், இவர் மாத்திரை.

மே 9, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை.

இன்று பத்தரைக்கு ஆபீஸ் போன். எப்போதும் போல நான் எடுத்தேன். நர்சிங் கல்லூரியிலிருந்து ஒரு பெண்.

“ஒரு வெரிஃபிகேஷனுங்க. ஜெயந்தின்னு ஒருத்தங்க அங்க ஆபீஸ் பாத்துக்கறாங்களா?”

“ஆங், பாத்துக்கறாங்க.”

“எப்படிங்க அவங்க?”

ஆபீஸ் நம்பரைப் போடும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த போனை என்னைத் தவிர யார் எடுத்திருக்கிறார்கள். எதையும் சொல்லியிருக்கலாம். குரலைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

“நான்தாங்க அது” என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை. கரஸ்பாண்டன்ட்டிடம் கொடுக்கச் சொன்னாள். பாவா அறைக்கு லைனைப் போட்டேன். அந்தக் கதவு முழுதாகச் சாத்தாது.

“யாரு, ஜெயாவா? அது நம்ம தம்பி பொண்டாட்டிங்க. வூட்ல சும்மா குந்திகினு இருக்க வாணாமேன்னு வந்து போய்கினு இருக்குது. வேலன்னு ஒண்ணும் கெடயாது.”

அந்தப் பெண் சான்றிதழைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். அப்புறம், “எந்த லெட்டரு?”

கூப்பிட்டார். நகலை எடுத்துக்கொண்டே போனேன். கையெழுத்து யாருடையது என்றார். உங்களுடையதுதான் பாவா என்றேன். படிக்காமல் போட்டேன் என்றார்.

“பதினாறு வருஷமா நீங்க எதையும் படிச்சதில்ல பாவா. நான் தப்பா ஒண்ணு எழுதியிருந்தா இந்த ஸ்கூலே இருந்திருக்காது.”

“திருட்டுத்தனம் பண்ணிட்டு வாய் வேறயா?”

“அதுல ஒரு வரி பொய் இருந்தா காட்டுங்க. இங்கயே கிழிச்சிடறேன்.”

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக. முடித்துவிட்டு மறுபடி மேலே போனார். செல்லம்மா டீ டம்ளரோடு வாசலிலேயே நின்றார். கடைசியில் பாவா சொன்னது: “பொய்யா நெஜமாங்கறது இல்லம்மா. வூட்டு விஷயத்த லெட்டர்ல எழுதி வெளியில அனுப்புவாங்களா?”

இது வீட்டு விஷயமாம். வெளியே வந்ததும் செல்லம்மா மெதுவாக, “சாரு ஒரு பேப்பர முழுசா படிச்சி இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும். டம்ளரை நானே வாங்கிக் குடித்துவிட்டேன். அவருக்கு வைத்த டீ.

மூன்று மணிக்கு என் செல்லில் அதே பெண். திங்கள் பத்து மணிக்கு நேர்காணல். “சார் அப்படி சொல்லிட்டாரு, அத மேடம்கிட்ட சொல்லித்தான் ஆகணும். லெட்டர கணக்குல எடுக்க முடியாதுங்க. ஆனா நேர்ல வந்து பேசுங்க.” ரெஸ்யூமே புதிதாக இரண்டு பிரதி கொண்டு வர வேண்டுமாம். கிடைக்குமா தெரியாது. கிடைக்காது என்றே வைத்துக்கொள்வோம்.

ஏழு மணிக்கு இவர் வந்தார். அண்ணன் அதற்குள் கூப்பிட்டுச் சொல்லியாயிற்று. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “நாளைக்குப் போனதும் அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுடு ஜெயா. இந்த வூட்ட காலி பண்ணுன்னு சொல்லிட்டாருன்னா எங்க போறது?” நியாயமான பயம்தான். ஆனால் அந்த லெட்டரில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டேன். நாளைக்குப் போவேன் என்று மட்டும் சொன்னேன். அதையே மன்னிப்புக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

சாப்பிட்டதும் கீர்த்தியின் பழைய லேப்டாப்பில் ரெஸ்யூமேவைத் திறந்தேன். பிரதி எடுப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடலாம் என்று. ஒரு இடம் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. பள்ளி வேலைக்கு எதிரே, சேர்ந்த மாதத்தை அடுத்து ‘டில் டேட்’ (இன்றுவரை) என்று போட்டிருந்தேன். அதை அழித்துவிட்டு ‘மே 10’ என்று அடித்தேன்.