சறுக்குமேட்டுக்குள் இருந்தவள்

அன்பு மகள் நுத்தாக்குக்கு,

அம்மா மாசாக் எழுதுவது. நானும் அப்பாவும் உன் மகள் சுவ்லுவும் நலம். பட்டணத்து ஆஸ்பத்திரி விடுதியில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். நலம் என்று எழுதிவிட்டேன், ஆனால் இங்கே ஒன்று நடந்துவிட்டது. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முழுக்கப் படி. கடற்கரை மேட்டுப் பனியில்தானே குளிர்காலம் முழுக்க ஊர்ப் பிள்ளைகள் சறுக்கினார்கள், சுவ்லுவும்தான். பிள்ளைகள் சறுக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே உன் அப்பா. போன வாரம் அங்கே பனியில் ஒரு சின்ன ஓட்டை, ஓரமெல்லாம் மஞ்சள். நரி வளை என்று நினைத்து, பனியைக் குத்திப் பார்க்கும் கோலை உள்ளே விட்டிருக்கிறார். உள்ளிருந்து ஏதோ அதைப் பிடித்து இழுத்ததாம்! கூடவே குட்டிகளின் முனகல். அந்த நிலையிலும் மரியாதை தவறாமல், "தெரியாம குத்திட்டேன் தாயே, மன்னிச்சுக்க, நீ படுத்துக்க" என்று சொல்லிக்கொண்டே பின்னுக்கு நடந்து வந்தாராம். வீட்டுக்குள் வந்தவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே இருந்தது குட்டி போட்ட பனிக்கரடி! சினைக் கரடிகள் நடுக்கடலில், பழைய தடித்த பனிமேல் குழி தோண்டித்தான் குட்டி போடும், இங்கே எவள் வரப்போகிறாள் என்றுதானே இருந்தோம்? அந்தப் பனி இப்போது எங்கே? இந்தத் தடவை கடல் உறையவே தாமதம், கரையேறியவள் நம் மேட்டைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் தலைக்குமேல் கத்திக்கொண்டு சறுக்கியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்குமே! நம் சுவ்லு, மறைந்த என் அப்பாவின் பெயரைச் சுமப்பதால் நான் அப்பா என்றே கூப்பிடும் பிள்ளை, அவளும் அங்கேதானே விழுந்து புரண்டாள்! பக்கத்து வீட்டுக் கூனுயுக் உடனே துப்பாக்கியைத் தூக்கினான். "குட்டிக்காரியச் சுடுறவன் இனிமே என் வீட்டுத் திமிங்கிலக் கறியத் தொடக்கூடாது" என்று அப்பா கத்தியதும் அடங்கினான். கரடி மிரண்டு குழியைவிட்டு முன்னதாகவே கிளம்பினால் குட்டிகள் பிழைக்காதே. நாய்களைத் தள்ளிக் கட்டி, பனிவண்டிகளை நிறுத்தி, பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து, ஊரே வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது. இன்று காலை வெளியே வந்துவிட்டாள், எலும்பும் தோலுமாக, பின்னால் இரண்டு குட்டிகள். நேரே கடல்பனிக்கு, கடல்நாய் பிடிக்கப் போனாள். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அழுதுவிட்டேன்.

ஜன்னலில் நின்ற சுவ்லு, "கரடியே நம்ம ஊருக்கு வந்து பெத்துக்குது, எங்கம்மா மட்டும் ஏன் ப்ளேன் ஏறிப் போகணும்?" என்றாள். நம் ஊரில் பிரசவம் பார்க்க ஆஸ்பத்திரி இல்லை என்று சொன்னேன், அவள் கேட்பதாக இல்லை.

நீ சாப்பிடத் திமிங்கிலத் தோல் அனுப்பியிருக்கிறேன், உடனே குளிரில் வை. சுகமாகப் பெற்றெடுத்து, இரண்டு உயிராக ஊர் திரும்பு, எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. மறக்காமல் சுவ்லுவிடம் போனில் பேசு. அவள் கேள்விக்கு நீயாவது பதில் சொல்.

உன் அம்மா,
மாசாக்