அஞ்சலை அக்கா தின்னாத காளான்

என் உயிரான அஞ்சலை அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் ரப்பர் தோட்டத்திலிருந்து ஆள் வந்து, நீ விஷக்காளான் தின்று செத்துவிட்டாய் என்று சொன்னபோது, அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. "புத்தி கெட்டவளே!" என்று கத்தினேன். மன்னிப்பாயா?

பட்டணத்துப் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் உன்னைப் புதைத்திருந்தார்கள். நீ காட்டோரத்தில் பொறுக்கி வந்த விறகு அடுப்பருகே கிடந்தது. அதில் செக்கச்செவேலென்று காளான்கள். ஆள்கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி அதைப் பார்த்துத்தான் சாவுக்குக் காரணம் எழுதிக்கொண்டாராம்.

உன் மகள் வள்ளி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அம்மாவுக்கு மூணு நாளாக் காய்ச்சல். கஞ்சித் தண்ணிகூட உள்ள எறங்கல. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னு கேட்டதுக்கு, வேலை செய்யாம ஏமாத்துறான்னு கிராணி வெரட்டிட்டாரு."

கஞ்சி இறங்காத தொண்டையில் காளான் எப்படி இறங்கும்?

ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். காம்பு இல்லை, விசிறிபோல் மரத்தோடு ஒட்டியிருந்தது. அடியில், நாம் கறிக்குப் பறிக்கும் காளானில் இருக்கும் மடிப்புகள் இல்லை. ஊசி குத்தியதுபோல் பொடித் துளைகள். செருப்புத்தோல்போல் வளைந்தது. பாசார் சந்தையில் விறகு விற்கும் மலாய்க்காரரிடம் காட்டினேன். செத்த மரத்திலெல்லாம் முளைப்பது, பல்லே இறங்காது, இதை எவன் தின்பான் என்று சிரித்தார்.

அதைக் கொண்டுபோய்க் கிராணியின் மேசைமேல் போட்டேன்.

"இத மெல்ல முடியுமான்னு நீங்களே கடிச்சுப் பாருங்க ஐயா."

அவர் தொடவில்லை. "ரிப்போர்ட்டு துரைகிட்ட போயாச்சு தம்பி. செத்தவ திரும்பி வரவா போறா?"

காய்ச்சல் என்று எழுதினால் ஏன் அனுப்பவில்லை என்று அவரைக் கேட்பார்கள். காளான் என்றால் பழி உன்மேல் விழும். விழுந்தது. லயத்து வீடுகளில் உன்னோடு குடியிருந்த பெண்கள் உன்னைக் 'காளான் தின்னி' என்கிறார்கள், அக்கா. கூடவே பால்மரம் சீவியவர்கள்தான். மேலிடத்துக்கு மனு போட்டேன். விஷயம் முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. யாருக்கு முடிந்தது?

தகப்பனும் இல்லாத வள்ளியை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். நேற்றுப் பக்கத்து வீட்டுப் பெண் அவளிடம், "ஒங்கம்மா எப்படிம்மா செத்தாங்க?" என்று கேட்டாள். வள்ளி தலையைக் குனிந்துகொண்டு, "காளான் தின்னு" என்றாள். கூடவே இருந்து பார்த்த குழந்தை, அக்கா. அவள் வாயிலும் அதை ஏற்றிவிட்டார்கள்.

துரையையும் கிராணியையும் என்னால் அசைக்க முடியவில்லை. இவளை அந்தப் பொய்க்கு விடமாட்டேன். "காய்ச்சல். கேட்டும் அனுப்பல" என்று உன் மகள் நிமிர்ந்து சொல்லும்வரை, தினமும் அவளோடு உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேசுவேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தம்பி,
மாரிமுத்து