மேட்டுத்தெரு முக்கு வெள்ளை 'யாருமோ' மரத்தை வெட்ட வேண்டாம்னு மனு

அனுப்புநர்:
ஆர்பே சுலுவாகா,
மின்பாதை பழுதுபார்ப்பவர்,
மேட்டுத்தெரு, எல் ரோப்லால்,
அந்தியோக்கியா மாநிலம், கொலம்பியா.

பெறுநர்:
நகராட்சித் தலைவர் அவர்கள்,
எல் ரோப்லால்.

பொருள்: மரம் வெட்டும் உத்தரவை நிறுத்தி வைக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்புக்குரிய அம்மா,

1. எங்க தெரு முக்குல நிக்கிற, 'யாருமோ'ன்னு சொல்ற வெள்ளை இலை மரத்தை மாதா திருவிழாவுக்கு முன்னாடி வெட்டப்போறதா அறிவிப்பு ஒட்டியிருக்கீங்க. அதோட பட்டையைத் தொட்டா 'போபெரா' வருதுன்னு தெருக்காரங்க புகார் கொடுத்தாங்களாம். மனு எழுதிப் பழக்கமில்ல, பேசுற மாதிரியே எழுதுறேன். மன்னிக்கணும்.

2. போபெரான்னு நாம சொல்றதுக்கு டாக்டருங்க வெச்ச பேரு அல்சைமர். மத்த ஊர்ல பெரும்பாலும் வயசானவங்களுக்கு வருது. நம்ம மலைக் குடும்பங்கள் சிலதுல நாப்பதைத் தாண்டினதும் வந்துடுது. மூளை நரம்புகளுக்கு நடுவுல ஒரு புரதம் கட்டிகட்டியா படியுது, நரம்புக்குள்ள இன்னொன்னு முறுக்கிக்குது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அந்தக் கோளாறு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. என் மாமியாருக்கு இருந்துச்சு. அவங்க மரம் பக்கமே போனதில்ல. கேபிளுக்குள்ள பழுது இருக்கும்போது வெளியில நிக்கிற கம்பத்தை வெட்டினா லைட் எரியுமாம்மா?

3. குணமாக்குற மருந்து இல்ல. கொஞ்ச காலத்துக்குத் தெளிவைப் பிடிச்சு வைக்கிற மாத்திரை இருக்கு. அதைவிட முக்கியமா டாக்டர் சொன்னது, சுத்தி இருக்கிற எதையும் மாத்தாதீங்கன்னு. அதே வழி, அதே அடையாளம்.

4. போன கிறிஸ்துமஸுக்கு நகராட்சி எங்க தெருக் கதவு எல்லாத்துக்கும் ஒரே மஞ்சள் அடிச்சுது. எங்க கதவு சிவப்பா இருந்தது. என் மனைவி மார்லேனிக்கும் போபெரா வந்திருந்தது, சிவப்பைப் பார்த்துத்தான் வீட்டுக்குள்ள வருவா. அன்னிக்கு ஒவ்வொரு கதவாத் தள்ளிப் பார்த்திருக்கா. அப்புறம் தெருவைத் தாண்டி நடந்திருக்கா. கீழே ஓடைப் பள்ளத்துலதான் கிடைச்சா. பெயிண்ட் அடிச்சவங்களைக் குறை சொல்லல. அப்போ யாருக்கும் தெரியாது. இப்போ எழுதிக் கொடுத்துட்டேன், உங்களுக்குத் தெரியும்.

5. அவ தங்கச்சி ஒமைராவுக்கும் வந்துடுச்சு. என் வீட்லதான் இருக்கா. நான் லைன் வேலைக்குப் போனதும் கோயிலுக்குப் போய்ட்டு வருவா. பூட்டி வெச்சா விரல்ல ரத்தம் வர்ற வரைக்கும் கதவைப் பிறாண்டுறா. அந்த மரத்தோட இலை தூரத்துலேர்ந்தே வெள்ளி மாதிரி தெரியும். "வெள்ளைக்காரி நிக்கிறா, வீடு வந்தாச்சு"ன்னு சொல்லிக்கிட்டே திரும்புவா. மளிகைக்கடை பெர்த்தா அம்மா, "ஏம்பா ஆர்பே, ரெண்டாவது பொண்ணையும் மரம் பிடிச்சிடுச்சு. இன்னும் அதுக்கு வக்காலத்து வாங்குறியே, வயரோட சேர்ந்து உன் மூளையும் கருகிப்போச்சா?"ன்னு கேக்குறாங்க. அவங்களும் பயந்துதான் பேசுறாங்க. அவங்க மகன் கட்டியிருக்கிறது மார்லேனி குடும்பத்துப் பொண்ணை.

6. அதனால, வெட்டுறதை நிறுத்துங்க. சுகாதார நிலையத்து நர்ஸை ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் தெருக்காரங்ககிட்ட பேசச் சொல்லுங்க. நான் சொன்னா, பெண்டாட்டி செத்த துக்கத்துல உளர்றான்னு போயிடுறாங்க.

7. மரம் போயிட்டா அந்த இடத்துல நானே நின்னுக்கலாமான்னும் யோசிச்சுப் பார்த்தேன். உதவாதும்மா. நான் வேலை முடிஞ்சு உள்ளே வந்தா ஒமைரா, "வாங்க கரண்ட்காரரே, மீட்டர் அந்தப் பக்கம் இருக்கு, வெல்லத்தண்ணி குடிச்சிட்டுப் பாருங்க"ன்னு சொல்றா. என்னை அவளுக்கு அடையாளம் தெரியல. மரத்தைத் தெரியுது. அதை விட்டுவைங்க.

இப்படிக்கு, உங்க பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஆர்பே சுலுவாகா,
காலஞ்சென்ற மார்லேனியின் கணவர்.

இடம்: எல் ரோப்லால்
நாள்: ஜூலை 3