சிராங்கூன் ரோட்டில் சுந்தரம்

1908, மாசி 14. சிங்கப்பூர்த் துறைமுகம், கப்பலில்.

பகலெல்லாம் நானும் சுந்தரமும், எங்களோடு கப்பலில் வரும் ராமையாவும் ஊர் சுற்றினோம். மாரியம்மன் கோயில், ரிக்ஷா சவாரி என்று சந்தோஷமாகத்தான் போனது. சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடைக்காரர் சுந்தரத்தைப் பார்த்ததும், "என்ன தம்பி, ரெண்டு வருஷமா ஆளையே காணோம்? உங்க சம்சாரம் வாரம் தவறாம வந்து விசாரிக்குது" என்றார்.

"ஆள் தெரியாம பேசுறீங்க. இந்த ஊருக்கே இப்பதான் வர்றேன்" என்று சுந்தரம் சிரித்தான். ஆனால் காப்பியைக் குடிக்காமலே எழுந்துவிட்டான். யாரிடமும் வழி கேட்காமல், குறுக்குச் சந்துகளில் புகுந்து எங்களைத் துறைமுகத்துக்கு அழைத்து வந்தான்.

என் தங்கையைக் கட்டிக்கொள்ளப்போகிறவன் அவன். நான் விசாரித்துச் சொல்லும்வரை முகூர்த்தம் குறிக்க வேண்டாம் என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன்.

"யாருக்குடா எழுதுறே?" என்று மேல் படுக்கையிலிருந்து சுந்தரம் கேட்டான்.

"அப்பாவுக்கு" என்றேன்.

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.