கூடத்தில் நிற்கும் வண்டி

ஜூன் 6

என் சின்னவனுக்கு,

கப்பல் எந்தக் கடலில் மிதந்தாலும் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு அக்கா எழுதுவது. போன தடவை அனுப்பிய போட்டோவில் கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கிறாய். இஞ்சின் அறையில் வேலை பார்ப்பவனுக்கு வெயில் கிடைக்காது, சரி. சாப்பாடுமா கிடைக்காது?

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் இருப்பது கூடத்தில். கூடத்தில் இப்போது உன் அத்தானும் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளும் இருக்கிறார்கள். அதனால் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், அலுவலகத்தில் தண்ணீர் பில் போடும் மேஜையிலிருந்து எழுதுகிறேன். பதிலையும் இந்த விலாசத்துக்கே போடு.

மார்ச்சில் அவருக்கு வலிப்பு வந்தது உனக்குத் தெரியும். வகுப்பில் பையன்களுக்குப் பலகையில் வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவர் பாதி வட்டத்தில் விழுந்தார். ஏப்ரலில் இன்னொரு முறை வந்தது, வீட்டில். அதை உன்னிடம் மறைத்துவிட்டேன். அன்று அவர் தலை என் மடியில் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். அவ்வளவு மரியாதையாக. கொஞ்ச நேரத்தில் அவருக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை.

ஒரு வருடத்துக்கு எந்த வண்டியும் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், ஒரு நாள் மாடிப்படிக்கடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வண்டியை உருட்டி வந்து கூடத்தில் நிறுத்தினார். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பரவாயில்லை, கைக்கு ஒரு வேலை என்று முதலில் நானும் சந்தோஷப்பட்டேன். தொழிற்பள்ளி டிராயிங் வாத்தியார் அல்லவா? கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு அட்டையில் வரைந்து, ஆணி வரும் இடத்தில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் அதே ஆணியைச் செருகி வைக்கிறார். திரும்ப வண்டியில் மாட்டும்போது அட்டை காலியாகும். கூடத்துச் சுவர் முழுக்க அந்த அட்டைகள்தான். வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. பக்கத்து வீட்டம்மா ஜன்னலில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் வண்டி செய்றாரா, வெடிகுண்டு செய்றாரா?" என்று கேட்டாள்.

போன வாரம் அலுவலகம் விட்டு வந்தபோது அவருடைய ஹெல்மெட் கழுவித் துடைத்து வெயிலில் கவிழ்ந்திருந்தது.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"தூசியா இருந்துச்சு."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"ஓட்டக் கூடாதுன்னுதான் சொன்னாரு. செய்யக் கூடாதுன்னு சொல்லலையே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஓட்டுவார். எங்கள் சந்து நேராகப் பஸ் போகிற ரோட்டில் போய் முட்டுகிறது. நடுரோட்டில் வண்டியோடு விழுந்துகிடக்கும் ஒரு மனிதரைத்தான் கண்ணை மூடினால் பார்க்கிறேன். பில்லில் எண்கள் மாறிப்போகின்றன. நீ இஞ்சின்காரன். அவருக்குச் சந்தேகம் வராத மாதிரி, அந்த வண்டி நகராமலிருக்க நான் எதை எடுக்க வேண்டும் என்று மட்டும் எழுது. புத்தி சொல்லாதே. அதெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அக்கா

ஜூன் 27

அக்கா,

துறைமுகத்தில் ஏஜென்ட் உன் கடிதத்தைக் கையில் கொடுத்ததும் அங்கேயே கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து படித்தேன். ஏப்ரலில் நடந்ததை எனக்கு ஜூனில் சொல்கிறாய். நான் என்ன ஊரானா? இதை நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

ப்ளக்கை எடுப்பது, பெட்ரோலை வடிப்பது எல்லாம் அத்தானிடம் செல்லாது. ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். அதுவுமில்லாமல், இத்தனை நாள் பாடுபட்ட மனுஷன் அந்த இஞ்சின் சத்தத்தை ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா? அதனால் இஞ்சின் ஓடட்டும். வண்டி மட்டும் நகர வேண்டாம்.

அந்தக் காலத்து வண்டிக்குக் கியர் வலது பக்கம் இருக்கும். கால் மிதியிலிருந்து ஒரு கம்பி போகும் பார். அதன் முனையைப் பிடித்திருப்பது ஒரு ஆணி. அந்த ஆணி நழுவாமல் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின் செருகியிருக்கும். பார்த்தால் உன் கொண்டை ஊசி மாதிரியே இருக்கும். ஊசியின் மடக்கிய காலை நிமிர்த்தி அதை மட்டும் உருவிவிடு. ஆணியைத் தொடாதே. அத்தான் ஆட்டிப் பார்த்தாலும் கெட்டியாகத்தான் தெரியும். ஸ்டாண்டு போட்டு இஞ்சினை ஓட விட்டால், அதிர்ந்து அதிர்ந்து ஆணி தானாகக் கழன்று விழும். அப்புறம் கியர் மாறாது. நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அவர் கண்டுபிடிப்பதற்குள் செப்டம்பர் வந்துவிடும். லீவில் வந்து நானே அவரிடம் பேசுகிறேன்.

ஊசி முனை கூராக இருக்கும். கையைக் கிழித்துக்கொண்டு அதற்கும் ஒரு கடிதம் எழுதாதே.

உன் சின்னவன்

ஜூலை 19

சின்னவனே,

நீ சொன்னபடி செய்தேன். அவர் குளிக்கப் போன நேரம். வண்டிக்கு எதிரே, ஹெட்லைட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, எழுதுகிற கை எது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் மிதிக்குப் பக்கத்தில் தேடினேன். நீ எழுதியிருந்த மாதிரியே ஊசி இருந்தது. குறடால் இழுத்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் அடுக்களைக்கு வந்து, உப்பு டப்பாவை எடுத்து எதற்கோ திறந்து மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை இஞ்சின் பிடித்துக்கொண்டது. உதைத்து உதைத்துச் சட்டையெல்லாம் நனைந்த பிறகு, ஒரு இருமல், புகை, அப்புறம் வீடே அதிர்கிற மாதிரி அந்தச் சத்தம். அவர் கண் கலங்கியிருந்தது. கேட்டேன். "புகைடி" என்றார். எனக்கும் புகைதான். ஆனால் ஆணி எதுவும் விழவில்லை. மிதிகளை அழுத்திப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. நாளைக்கு விழும், நாளை மறுநாள் விழும் என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தபோது ஓட்டிவிட்டார்.

சந்து முனை வரைக்கும்தானாம். ரோடு வருவதற்கு முன்னால் நிறுத்த மிதித்திருக்கிறார். மிதி சும்மா தரை வரைக்கும் போயிருக்கிறது. கைப்பிடியை ஒடித்து, முனையில் வீடு கட்டப் போட்டிருந்த மணலில் ஏற்றிவிட்டார். முழங்கையில் தோல் போனதோடு சரி. நான் வந்தபோது ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஊசி இல்ல."

"எந்த ஊசி?"

"பிரேக் ஊசி. அட்டையில ஓட்டை காலியா இருக்கு. அப்போ மாட்டியிருக்கேன். வண்டியிலயும் இல்ல. அப்போ மாட்டல."

பிரேக்கா? நான் எடுத்தது கியர் அல்லவா?

"அத மாட்டினது கண்ணு முன்னாடியே நிக்குது. ஊசிக் கால ரெண்டா பிரிச்சு மடக்குனேன், விரல்ல குத்துச்சு. அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல போல. நடக்காதது எனக்கு ஞாபகம் இருக்கு, பாத்தியா?"

சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "இனிமே அதத் தொடமாட்டேன். பயமா இருக்கு."

இந்த வார்த்தைக்குத்தானே இத்தனை நாள் ஏங்கினேன்? வாயை மூடிக்கொண்டேன். அவர் எழுந்து, படுக்கை விரிப்பை எடுத்து வண்டியைப் போர்த்தினார்.

இப்போது அவர் பயப்படுகிறார். பற்றவைக்காத அடுப்பை அணைத்தேனா என்று வந்து கேட்கிறார். கடைக்குத் தனியாகப் போவதில்லை. ஏதாவது சொல்ல ஆரம்பித்துவிட்டு, "இது நெசமா நடந்துச்சா?" என்று என் முகத்தைப் பார்க்கிறார். ஆமாம் என்று சொல்கிறேன். நான் சொன்னதும் நம்புகிறார். என்னையா நம்புகிறார் என்று தோன்றும்போது அடுக்களைக்குள் போய்விடுகிறேன்.

கியர் எப்படிப் பிரேக் ஆனது? அதை நீதான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொல். உண்மையைச் சொன்னால் ஊசியை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறுவார். சொல்லாவிட்டால் உயிரோடு இருப்பார். நான் என்ன செய்ய?

அக்கா

ஆகஸ்ட் 8

அக்கா,

நீ எதிரே உட்கார்ந்துதான் எடுத்தாய். அதுதான் நடந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் வண்டிக்கு வலது என்றால் சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு வலது. எங்களுக்கு அது பழகிப்போனது, எடுத்துச் சொல்ல வேண்டுமென்றே தோன்றாது. உன் வலது அவருக்கு இடது. அங்கே இருப்பது பிரேக். அதற்கும் அதே மாதிரி மிதி, கம்பி, ஆணி, ஊசி. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு வரி எழுதாமல் விட்டது நான். மணல் என்று நீ எழுதிய இடத்துக்கு மேல் முதலில் என்னால் படிக்க முடியவில்லை. கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு ஷிஃப்ட் முழுக்க வேலை பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. மீதியை ராத்திரிதான் படித்தேன்.

அத்தானிடம் சொல்லிவிடு.

கீழே இஞ்சின் அறையில் ஒரு மீட்டர் தப்பாகக் காட்டினால் சமாளித்துவிடுவோம், பக்கத்தில் இன்னொன்று இருக்கும். எல்லா மீட்டரும் பொய் என்று ஒருவன் நினைத்துவிட்டால் அவன் கை எதன் மேலும் போகாது. அப்படி ஒருவனைப் பார்த்திருக்கிறேன், அக்கா. கரைக்கு இறக்கிவிட்டோம். அத்தானை அப்படி ஆக்கிவிட்டு அதற்கு உயிர் என்று பேர் வைக்காதே.

நீ சொல்லாவிட்டால் செப்டம்பரில் கரை இறங்கியதும் கூடத்துக்குப் போன் போட்டு நான் சொல்வேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. சரி, மிரட்டல்தான்.

சின்னவன்

ஆகஸ்ட் 30

சின்னவனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. நீ எங்கேயோ கடலில் இருக்கிறாய், மடி என்னுடையது. சொல்ல முடியாது போ என்று எழுதக் காகிதம்கூட எடுத்தேன்.

அதற்குள் அவரே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார். கூட வரச் சொன்னார். போனோம். டாக்டருக்கு முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பையன் மாதிரி உட்கார்ந்து, "நடக்காததெல்லாம் நடந்த மாதிரி ஞாபகம் வருது சார்" என்று ஊசிக் கதையைச் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டே எழுத ஆரம்பித்தார். மாத்திரையைக் கூட்டலாம், தூக்கம் அதிகமாக இருக்கும், பள்ளி வேலை இனி கஷ்டம்தான் என்றார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பி, "வீட்ல நீங்க என்னம்மா கவனிச்சீங்க?" என்றார்.

"ஊசிய நான்தான் எடுத்தேன் டாக்டர்" என்றேன்.

"எந்த ஊசி? யாரு போட்டது?" என்று அவர் பழைய சீட்டுகளைப் புரட்டினார். வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். முழுவதையும் சொன்னேன், உன் பேரையும் சேர்த்து. ஒரு பொய்யைச் சுமந்ததே போதும். டாக்டர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "அப்போ உங்க ஞாபகத்துல ஒரு கோளாறும் இல்ல சார்" என்றார். உன் அத்தான் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏப்ரலில் பார்த்தாரே, அதே பார்வை. இந்த முறை நீங்க யாரு என்று கேட்கவில்லை.

பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான்.

"எங்க நின்னு எடுத்த?"

"வண்டிக்கு முன்னாடி."

மூக்கால் ஒரு காற்று விட்டார். சிரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நீயும் அவரும் ஒன்று சேர்ந்து பேசும்போது வருமே, பெண்களுக்கு வண்டி பற்றி என்ன தெரியும் என்கிற சிரிப்பு, அந்த வகை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் விரிப்பை எடுத்தார். நான் நீட்டிய ஊசியை வாங்காமல் புதிது ஒன்று வாங்கி வந்து மாட்டினார். அடுத்த நாள் கூடத்துக் கதவில் உட்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தார். வலிப்பு உள்ளவர் எந்தக் கதவையும் தாழிடக் கூடாது என்பது முதல் நாளே டாக்டர் சொன்னது. அவருக்கும் தெரியும். தெரிந்துதான் போட்டுக்கொள்கிறார். நான் பின்வாசல் வழியாக வந்து போகிறேன். சாப்பாட்டுக்கு வெளியே வருவார், தட்டைப் பார்த்தே சாப்பிடுவார். இரவு பக்கத்தில்தான் படுக்கிறார். ஆனால் அவர் வேலையில் இருக்கும்போது அந்தக் கதவு எனக்கு ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, கதவுக்கு வெளியே பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பேனர் சத்தம் கேட்கிறது, உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்கிறது. அது கேட்கிற வரை நான் மனுஷி. நின்றுவிட்டால், "டீ போடட்டுமா?" என்று கேட்பேன். "வேணாம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இத்தனை இனிப்பான ஒரு சொல்லை அவர் எனக்குச் சொன்னதில்லை. பதில் வரக் கொஞ்சம் தாமதமானாலும் கதவைத் தட்டிவிடுவேன். "உயிரோடதான் இருக்கேன்" என்று எரிந்து விழுவார். விழட்டும்.

வண்டியை அவர் இன்னும் வெளியே எடுக்கவில்லை. எடுப்பாரா என்று தெரியாது. அவர் நடுரோட்டில் விழுவதை முன்பு கண்ணை மூடினால் பார்ப்பேன். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு, கைக்கெட்டும் தூரத்தில், ஒரு மரக் கதவுக்கு அந்தப் பக்கம் பார்க்கிறேன். இதை நானே செய்துகொண்டேன் என்பது தெரியும். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்குப் போகப்போவதாக அவர் போனில் பேசியது கதவு வழியாகக் காதில் விழுந்தது. என்னிடம் சொல்லவில்லை. நீ போன் செய்தால் அவர்தான் எடுப்பார். உன்னோடு பேசுவாரா என்று நான் உத்தரவாதம் தர முடியாது. திட்டினால் வாங்கிக்கொள். செப்டம்பரில் கட்டாயம் வா.

மேலே உள்ள வரியை எழுதும்போது உள்ளே சத்தம் நின்றது. டீ போடட்டுமா என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பலகையை விட்டு எழுந்துவிட்டேன். தட்டக் கை ஓங்கியபோது, "போடு" என்றார்.

அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். டம்ளரை வாங்க அவர் கதவைத் திறந்தாக வேண்டும்.

அக்கா